லண்டன் தெருப்பெயர்களில் வரும் ‘மியூஸ்’: பூனையா, பறவையா?

‘மியூ என்றால் பூனை கத்துவதுதானே, லண்டனில் தெருவுக்கு ஏன் மியூஸ் என்று பெயர்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குப் புதிது, முகவரி தேடி அலைகிறீர்கள் என்று நினைக்கிறேன். கென்சிங்டன் பக்கம் பல வருடமாகப் பார்சல் வேன் ஓட்டுகிறவன் நான். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பூனைக்குச் சம்பந்தமே இல்லை. வேட்டை ராஜாளிகள் இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் மாதங்களில் அவற்றைப் பறக்கவிடாமல் உள்ளே வைத்துத் தீனி போடுவார்கள். இறகு உதிர்ப்பதற்குப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல்தான் ‘மியூ’. பிறகு அவற்றை அடைத்து வைக்கும் இடத்துக்கும், ஆளைப் பூட்டி வைப்பதற்கும் அதே சொல். அரசரின் ராஜாளிகள் லண்டன் நடுவில் உள்ள சேரிங் கிராஸில் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் அந்த இடம் அரசரின் குதிரை லாயம் ஆனது, பெயர் மட்டும் மாறவில்லை. அப்படித்தான் பணக்கார வீடுகளின் பின்சந்து லாயங்களும் மியூஸ் ஆயின. அரசரின் பழைய லாயம் இருந்த இடத்தில் இன்று நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடம் நிற்கிறது.

மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்: கடற்காகத்தையும் ‘மியூ’ என்பார்கள், தெரியும். அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், வேர் வேறு.

ஒருமுறை இப்படியொரு சந்தில் பார்சல் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மா வெளியே வந்து நின்று பேசினார். கருங்கல் தளத்தின் நடுவே ஓடும் வாய்க்காலைக் காட்டி, லாயம் கழுவிய தண்ணீர் ஓடிய வழி என்றார். கீழே வண்டி நுழையும் அகலக் கதவு, மேலே வைக்கோல் ஏற்றிய சிறு கதவு. அந்த மாடியில்தான் வண்டிக்காரன் குடும்பம் குடியிருந்ததாம். இன்று அந்த வீட்டை வாங்க மில்லியன் பவுண்டுக்கு மேல் வேண்டும். குதிரை வாசமே படாத புது ஃபிளாட்டுக்கும் மியூஸ் என்று பெயர் வைத்து விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. வரலாறு தெரிந்தவர்கள் கேள்வி கேட்க வேண்டும்.

அந்தச் சந்துகளில் வேன் திருப்ப இடமில்லை. வெளியே நிறுத்தி நடந்துதான் போக வேண்டும். அந்த நேரத்தை எங்கள் கம்பெனி கணக்கில் எடுப்பதே இல்லை, தாமதம் என்று காசைப் பிடிக்கிறது. எங்கள் வேலையை மொபைல் ஆப்பில் ஒரு புள்ளியாகப் பார்ப்பவர்கள் ஒருநாள் எங்களோடு வந்து பார்க்கட்டும்.