எந்தத் தேர்வை விடுவது? போட்டித் தேர்வர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

யு.பி.எஸ்.சி. (ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) துணை ஆட்சியர் போன்ற பணிகளுக்கு நடத்தும் குரூப் 1 முதல் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்கு நடத்தும் குரூப் 4 வரையிலான தேர்வுகளுக்கும் தயாராகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். பல தேர்வுகளுக்குச் சேர்த்துப் படிப்பதா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விடுவதா என்று அவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிக்காமல் தோற்றவர்களைவிட, எந்த நல்ல வாய்ப்பையும் விட மனம் வராமல் தோற்றவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே சில பதில்கள் சற்றுக் கண்டிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி (பொறியியல் பட்டதாரி, விழுப்புரம்): வணக்கம் ஐயா. எனக்கு வயது 24. யு.பி.எஸ்.சி., குரூப் 1, குரூப் 4, வங்கித் தேர்வு ஆகிய நான்குக்கும் படிக்கிறேன். வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் எல்லாம் பொதுவானவைதானே? நான்கில் ஒன்றாவது கிடைத்துவிடாதா?

பதில்: பாடத்திட்டத்தின் தலைப்புகளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கேள்வித்தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஊராட்சி அமைப்பு என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொள்வோம். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் எந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது, எந்த அட்டவணையைச் சேர்த்தது, அதில் எத்தனை பொருள்கள் உள்ளன என்பவை குரூப் 4 தேர்வின் போக்கிலான கேள்விகள். 1993, பதினொன்றாம் அட்டவணை, 29 என்ற மூன்று விடைகளும் நினைவில் இருந்தால் போதும்.

இதே பாடத்தில் 2016 முதல்நிலைத் தேர்வில் (சரியான விடையைத் தேர்ந்து குறிக்கும் முதற்கட்டத் தேர்வு) யு.பி.எஸ்.சி. இரண்டு கூற்றுகளைக் கொடுத்தது. ஊராட்சி உறுப்பினராவதற்குக் குறைந்தபட்ச வயது 25 என்பது ஒன்று; பதவிக்காலம் முடியும் முன்பே கலைக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்படும் ஊராட்சி எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நீடிக்கும் என்பது மற்றொன்று. வயது 21 என்பதால் முதல் கூற்று தவறு, இரண்டாவது சரி. சட்டப்பிரிவைப் பொறுமையாகப் படித்தவருக்கே இது பிடிபடும். ஊகித்துக் குறித்துத் தவறினால் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். டி.என்.பி.எஸ்.சி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், தெரியாத கேள்வியை அணுகும் முறையே அங்கு வேறு. முதல்நிலையில் தேறியவர்கள் அடுத்து எழுதும் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கோ, ஊராட்சிகளுக்கு ஏன் போதிய நிதி சேரவில்லை என்பதைத் தமிழ்நாட்டு நிலவரத்தோடு பொருத்தி, நேரத்துக்குள் விரித்து எழுதும் பயிற்சி வேண்டும். பாடம் ஒன்றுதான் என்றாலும், நினைவில் வைப்பது, சரிபார்ப்பது, எழுதுவது என்று மூன்று பயிற்சிகள் தனித்தனியாகத் தேவைப்படுகின்றன.

வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் இந்தப் பாடத்துக்கே இடமில்லை. ஆங்கிலம், கணிதம், பகுத்தறியும் திறன் (ரீசனிங்) என்ற மூன்று பகுதிகளில் 100 கேள்விகளை 60 நிமிடங்களில், பகுதிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் முடிக்க வேண்டும். அந்த வேகம் அன்றாடப் பயிற்சியால் மட்டுமே வருவது. சில வாரம் விட்டாலே குறையத் தொடங்கிவிடும்.

இனி நாட்காட்டியைப் பாருங்கள். 2025இல் யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு மே 25, குரூப் 1 முதல்நிலைத் தேர்வு ஜூன் 15, குரூப் 4 தேர்வு ஜூலை 12. மூன்றும் ஏழு வாரத்துக்குள் வந்துவிட்டன. கடைசி மாதத்தில் படித்ததைத் திருப்புகிறவரே கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தாண்டுகிறார். மூன்று தேர்வையும் எழுத நினைத்தவருக்கு அந்தக் கடைசி மாதம் எந்தத் தேர்வுக்கும் முழுதாகக் கிடைத்திருக்காது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் ஊரில் சொல்வது இந்த நிலையைத்தான்.

முதன்மையாக ஒரு தேர்வை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் படித்ததைக் கொண்டே, பெரிதாக எதையும் சேர்க்காமல் எழுதக்கூடிய இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரூப் 1 உங்கள் முக்கிய இலக்கு என்றால் குரூப் 2 அதன் பக்கத்தில் நிற்கும். யு.பி.எஸ்.சி. முக்கிய இலக்கு என்றால் குரூப் 1 ஓரளவு நிற்கும். எதை முதன்மையாகக் கொண்டாலும் வங்கித் தேர்வை நீங்கள் விடத்தான் வேண்டும். அது மோசமான வேலை என்பதற்காகச் சொல்லவில்லை. நல்ல வேலை, முறையாக ஊதியம் வரும் வேலை. நல்லதாக இருப்பதால்தான் அதை விடுவதற்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது.

கேள்வி (முதுகலை மாணவி, மதுரை): எனக்கு எது முக்கிய இலக்கு என்பதே தெளிவாகவில்லை. எல்லாமே அரசு வேலை என்ற அளவில் பிடிக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பதவியின் பெயரை மறந்துவிட்டு, அந்தப் பதவியில் இருப்பவரின் சாதாரண நாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் அடங்கல், சிட்டா என்ற பயிர், நிலப் பதிவேடுகளைப் பார்ப்பார், சான்றிதழ் விண்ணப்பங்களை விசாரிப்பார், வெள்ளம் வந்தால் முதலில் போய் நிற்பார். துணை ஆட்சியர் கோப்புகளிலும் விசாரணைகளிலும் ஆய்வுக் கூட்டங்களிலும் நாளைக் கழிப்பார். முடிந்தால் உங்கள் பகுதிக் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணிபுரிகிறவர்களையும் சந்தித்துப் பேசுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு வயது, வீட்டு வருமானம், மொழி ஆகிய மூன்றையும் பாருங்கள். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்; ஆனால் முதல்நிலைக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ஆங்கில வாக்கியத்தை விரைந்து படித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் இல்லையென்றால், அதை வளர்த்துக்கொள்ளும் காலத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே முடிவெடுங்கள்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்): யு.பி.எஸ்.சி.தான் என் இலக்கு. முழுக் கவனம் வேண்டும் என்று வேலையை விட நினைக்கிறேன். இதற்கிடையில் அலுவலகத்தில் டீம் லீடாகப் பதவி உயர்வு தருவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நீங்கள் இப்போது விட வேண்டியது வேலையை அல்ல, அந்தப் பதவி உயர்வை. இன்றைய பணியில் மாலை ஏழு மணிக்கு மேல் உள்ள நேரமும் வார இறுதியும் உங்களுடையவையாக இருந்தால், முதல்நிலைத் தேர்வின் அடிப்படையை வேலையில் இருந்தபடியே கட்டிவிடலாம். டீம் லீடானால் இரவு அழைப்புகளும் பிறருடைய வேலைக்கான பொறுப்பும் சேர்ந்து அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். மறுப்பதற்கு மனம் வராது. சம்பளம் கூடும், பெற்றோர் மகிழ்வார்கள், உங்கள் திறமைக்கு உரிய அங்கீகாரமும் அது. இருந்தாலும் இந்த ஆண்டு வேண்டாம் என்று மேலாளரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

வேலையை விடுவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். குறைந்தது ஒன்றரை ஆண்டுக்கான செலவு கையில் சேர்ந்திருக்க வேண்டும். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நல்ல மதிப்பெண்ணும் வந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பணக்கவலையோடு உட்கார்கிறவருக்கு நாள் முழுவதும் ஓய்வாக இருந்தாலும் படிப்பு ஓடாது. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில், தேர்வு நடத்தி 1,000 பேரைத் தெரிவு செய்து முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் ரூ.7,500 வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு உண்டு. அதன் தகுதி விதிகள் உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று அறிவிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): டெலிகிராமில் பல குழுக்களில் இருக்கிறேன். தினமும் பி.டி.எஃப். குவிகிறது. எல்லாமே பயனுள்ளவையாகத் தெரிகின்றன. எதை நீக்குவது?

பதில்: டி.என்.பி.எஸ்.சி. என்றால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள், ஒரு நாளிதழ், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், ஒரே ஒரு டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வுத் தொடர்). இவற்றை மூன்று முறை திருப்பி முடிக்கும் வரை வேறு எதையும் பதிவிறக்க வேண்டாம். எல்லாக் குழுக்களிலிருந்தும் இன்றைக்கே வெளியேறிவிடுங்கள்.

கேள்வி (இளநிலை உதவியாளராகத் தேர்வானவர், சேலம்): குரூப் 4இல் இளநிலை உதவியாளர் பணி கிடைத்திருக்கிறது. என் இலக்கு குரூப் 1. வேலையில் சேர்ந்தால் கவனம் சிதறும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சேராமல் விட்டுவிடலாமா?

பதில்: சேருங்கள். கையில் வந்துவிட்ட பணியை விடுவதும், எழுதப்போகும் தேர்வை விடுவதும் ஒன்றல்ல. குரூப் 1 தேர்வுக்கு மாதிரி விடைகள் எழுதிப் பழகவும் நேர்முகத் தேர்வுக்குப் போகவும் மனத்தெம்பு வேண்டும். மாதச் சம்பளம் அதைத் தரும். அலுவலகக் கோப்பு எப்படி நகர்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவருக்கு நிர்வாகம் பற்றிய கேள்விகளில் நல்ல பிடிப்பும் வரும். சேர்ந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. மேற்கொண்டு தேர்வு எழுதுவதைத் துறைக்கு முறைப்படி எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உங்கள் பணிக்கு எந்தத் துறைத் தேர்வுகள் கட்டாயம் என்று கேட்டு, அவற்றைத் தள்ளிப்போடாமல் எழுதி முடியுங்கள்.

நீங்கள் விட வேண்டியவை வேறு. குரூப் 1 முதன்மைத் தேர்வில் 40 மதிப்பெண் பெற்றால் போதும் என்ற தகுதித் தமிழ்த் தாள் போக, தரவரிசைக்குக் கணக்கிடப்படுபவை தலா 250 மதிப்பெண் கொண்ட மூன்று பொது அறிவுத் தாள்களும் 100 மதிப்பெண் கொண்ட நேர்முகத் தேர்வும்தான். மொத்தம் 850இல் 750 எழுத்துக்கே போகிறது. தினமும் அலுவலகம் முடிந்து இரண்டு விடையாவது கையால் எழுத நேரம் வேண்டுமே, அந்த நேரத்தைத் தின்கிற எதையும் ஏற்காதீர்கள். தொலைதூரக் கல்வியில் இன்னொரு முதுகலை, வார இறுதியில் பயிற்சி மையத்தில் பாடம் எடுப்பது போன்றவை எல்லாம் கௌரவமானவையாகவே வரும்.

கேள்வி (வேலூர்): யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்து ஓர் ஆண்டு படித்துவிட்டேன். தமிழ் இலக்கியம் எடுத்தால் மதிப்பெண் அதிகம் என்கிறார்கள். மாறலாமா?

பதில்: புவியியல் உங்களுக்குப் புரிகிறது, படிக்கவும் பிடிக்கிறது என்றால் மாறாதீர்கள். விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்களும் சேர்ந்து 500 மதிப்பெண். அதைப் பிறர் சொல் கேட்டு மாற்றுகிறவர் அடுத்த ஆண்டும் மாற்றுவார். புவியியலின் ஒரு பகுதி பொது அறிவுத் தாளுக்கும் உதவும். படிக்க உட்கார்ந்தாலே வெறுப்பாக இருக்கிறது என்றால் மட்டும், ஓர் ஆண்டு வீணாகிவிட்டதே என்று பார்க்காமல் இன்றே மாறுங்கள்.

கேள்வி (ஒரு தாய், திருநெல்வேலி): என் மகன் ஐ.ஏ.எஸ். தவிர வேறு எந்தத் தேர்வும் எழுத மாட்டேன் என்கிறான். வயது 29. ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. மற்ற தேர்வுகளையும் எழுதச் சொல்வது தவறா ஐயா?

பதில்: தவறே இல்லை அம்மா. உங்கள் கவலை நியாயமானது. மற்றதை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று மேலே பலருக்கும் சொன்ன நானே, அந்த ஒன்றுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று உங்கள் மகனிடம் சொல்வேன். பொதுப் பிரிவினர் 32 வயது வரை 6 முறையும், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராத ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட) பிரிவினர் 35 வயது வரை 9 முறையும் எழுதலாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வயது வரை முறைகளுக்கு எண்ணிக்கை இல்லை. சட்டம் அனுமதிக்கும் எல்லை அது. குடும்பம் தாங்கக்கூடிய எல்லை அதற்கு முன்பே வந்துவிடலாம். அதை நீங்களும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை முதல்நிலையைத் தாண்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். முதன்மைத் தேர்வு வரை போயிருந்தால் அவருக்கு இன்னும் ஓரிரு ஆண்டு தருவது பொருத்தமானது. அந்த எழுத்துப் பயிற்சி குரூப் 1 தேர்வுக்கும் உதவும் என்பதால், அதையாவது பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பலமுறை எழுதியும் முதல்நிலையைத் தாண்டவில்லை என்றால், எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவர் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து வருகிறாரா, பழகிப்போன ஒன்றைத் தொடர்கிறாரா என்பது அந்த விளக்கத்திலேயே தெரிந்துவிடும். ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மகனிடம் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசாதீர்கள். ஒரு நாளைக் குறித்து அன்று மட்டும் பேசுங்கள்.

கேள்வி (கடலூர்): உங்கள் யோசனைப்படி ஆறு மாதத்துக்கு முன்பு வங்கித் தேர்வை விட்டுவிட்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். என்னோடு படித்தவன் அதில் தேறி வேலைக்குப் போய்விட்டான். அவன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பதில்: அந்த வலி நியாயமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. மதிப்பில்லாத ஒன்றை விட்டிருந்தால் இப்படி வலிக்காது. நண்பரை அழைத்து மனதார வாழ்த்துங்கள். பிறகு, வங்கிப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய நேரம் இந்த ஆறு மாதத்தில் எங்கே போனது என்று பாருங்கள். குரூப் 2 முதன்மைக்கான விடைகளாக அது உங்கள் நோட்டில் இருந்தால், உங்கள் முடிவு சரிதான். கைப்பேசியிலும் வீண் பேச்சிலும் போயிருந்தால் நீங்கள் வங்கித் தேர்வை விட்டீர்களே ஒழிய, எதையும் பிடிக்கவில்லை. திருத்திக்கொள்ள வேண்டியது அதைத்தான். அவர் படம் உங்கள் கண்ணில் படாதபடி தேர்வு முடியும் வரை அந்தச் செயலியை நீக்கிவைப்பதிலும் தவறில்லை.

கேள்வி (ஈரோடு): விட்டுவிடுவது என்று முடிவெடுத்த தேர்வுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது. சும்மா போய் எழுதிப் பார்க்கலாமா?

பதில்: எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் ஒரே ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலும் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட முறைகளில் ஒன்று கழிந்துவிடும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கழியாது. ஆகவே தயாரிப்பு இல்லாமல் அங்கே போகாதீர்கள். குரூப் 4 தேர்வில் அப்படி எண்ணிக்கை இல்லை. மூன்று மணி நேரத் தேர்வு, அரை நாளில் முடிந்துவிடும். நீங்கள் முக்கிய இலக்காக வைத்திருக்கும் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதமாவது இருந்தால், எந்தத் தனித் தயாரிப்பும் இல்லாமல் போய் எழுதிவிட்டு வாருங்கள். அதற்காக முந்தைய வாரம் முழுவதும் பொதுத் தமிழைப் புரட்டுவீர்கள் என்று தெரிந்தால் போக வேண்டாம்.