விமானம் ரத்து: 'தொழில்நுட்பக் கோளாறு' என்றால் இழப்பீடு கிடையாதா?

கேள்வி: வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் பிராங்க்ஃபர்ட்–சென்னை போக வர டிக்கெட் எடுத்திருந்தேன். கிளம்புவதற்கு முந்தைய இரவு, போகும் விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் விமானத்தில் இடம் கொடுத்தார்கள். ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இழப்பீடு கேட்டால், 'தொழில்நுட்பக் கோளாறு, எங்கள் கையில் இல்லை' என்று சொல்லி வவுச்சர் ஒன்றை நீட்டுகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 600 யூரோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதுவும் பணமாக. நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் அதை வவுச்சராகத் தர முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 சட்டவிதி, ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் பொருந்தும். 14 நாட்களுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்தால், தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. பிராங்க்ஃபர்ட்–சென்னை தூரம் 3,500 கிலோமீட்டரைத் தாண்டுவதால் உங்களுடையது 600. மாற்று விமானம் நான்கு மணி நேரத் தாமதத்துக்குள் கொண்டுசேர்த்திருந்தால் பாதியாகக் குறைக்கலாம். ஒரு நாள் தாமதத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. டிக்கெட் விலை எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இனி அந்தக் 'கோளாறு'. 'அசாதாரண சூழ்நிலை' என்று நிரூபித்தால் நிறுவனம் தப்பிக்கலாம். நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான். ஆனால் பராமரிப்பில் தெரியவரும் பழுதுகள் விமானத் தொழிலின் அன்றாடப் பாடு, பொதுவாக அவை அசாதாரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. மோசமான வானிலை, வான்வெளி மூடல், தயாரிப்பாளரே அறிவித்த மறைவான உற்பத்திக் குறைபாடு போன்றவை வேறு. சொந்த ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டுச் செய்யும் வேலைநிறுத்தம்கூட விலக்கு ஆகாது என்பது 2021 தீர்ப்பு. இவ்வளவுக்குப் பிறகும் முதல் கடிதத்தில் 'கோளாறு' என்று எழுதிவிடுகிறார்கள். பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள் என்ற கணக்குதான் என்று நினைக்கிறேன்.

காத்திருந்த நேரத்துச் சாப்பாடு, தேவைப்பட்டால் ஓட்டல் அறை, அங்கே போய்வரும் செலவு ஆகியவை தனிக் கணக்கு. காரணம் அசாதாரணமாகவே இருந்தாலும் இவற்றை நிறுவனம் ஏற்க வேண்டும். கையிலிருந்து செலவழித்திருந்தால் ரசீதுகளைச் சேர்த்து அனுப்புங்கள்.

முன்பதிவு எண், ரத்துச் செய்தி, சென்னை சேர்ந்த நேரம் மூன்றையும் குறிப்பிட்டு, விதி எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு எதற்கும் சாட்சி ஆகாது. மறுத்தால் சமரச அமைப்பு, பிறகு நீதிமன்றம். ஜெர்மனியில் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ரத்தான ஆண்டின் முடிவிலிருந்து எண்ணுவார்கள். கமிஷனுக்கு வாங்கித்தரும் நிறுவனங்களிடம் இப்போதே போகாதீர்கள். கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்று கவனியுங்கள்: ரத்தானது சென்னையிலிருந்து திரும்பும் விமானமாக இருந்திருந்தால் இந்த விதி உங்களுக்கு உதவியிருக்காது. போக வர ஒரே முன்பதிவு என்பதாலேயே அது ஒரே பயணம் ஆகிவிடாது. திரும்பும் விமானம் ஒன்றியத்துக்கு வெளியே புறப்படுவதால், அதை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே விதி பொருந்தும்.