எஸ்டேட் டாக்டர் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கூடலூரிலிருந்து எழுதிய அண்ணாவுக்கு,

மகள் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜன் காலமும் முடியப் போகிறது. நீட் பி.ஜி. வேண்டாம், தொழிலாளர் மருத்துவம் பக்கம் போகிறேன் என்கிறாள். முப்பது வருஷம் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்த உங்களுக்கு அது சரிப்படவில்லை. "எஸ்டேட் டாக்டர் என்றால் மேனேஜர் துரை சொன்னபடி எழுதுகிறவர்தானே, என் பிள்ளையும் அப்படி ஆகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், சட்டையைக் கழற்றி நிற்பவர் இன்னொருவர். இந்த வேலையின் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதற்காக ரொம்ப தைரியசாலிகள்தான் போக வேண்டும் என்றில்லை. சேரும் முன் சில விஷயங்களைப் பேசி முடித்துவிட்டால் பாதி சங்கடம் வராது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரி. பூச்சிமருந்து அடிக்கிற ஜார்க்கண்ட் பையன் ஒருவனை மேஸ்திரி கூட்டி வந்தார். கண்ணில் நீர் ஒழுகுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, கை நடுங்குகிறது. டாக்டர் தமிழில் கேட்டார், மேஸ்திரி அரைகுறை இந்தியில் கேட்டார். பையன் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினான். மேஸ்திரி திரும்பிச் சொன்னது இவ்வளவுதான்: "லேசா தலைவலியாம் டாக்டர்." மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மலையில் இன்று இலை பறிக்கிறவர்களில், மருந்தடிக்கிறவர்களில் வடக்கத்தி ஆட்கள் நிறைய. அதனால் உங்கள் மகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'சோதிக்கிற அறையில் மேஸ்திரி இருப்பாரா?' கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அடுத்தது தொழிலாளர்களின் மருத்துவ ஃபைல் இருக்கிற பீரோவின் சாவி யாரிடம் என்பது. டிஸ்பென்சரியிலா, ஆபீசிலா? தொழில் மருத்துவர்களுக்கான சர்வதேச நெறிமுறை ஒன்று இருக்கிறது. அதன்படி நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியது, இந்த ஆள் இந்த வேலைக்குத் தகுதியா, என்ன வேலை கொடுக்கக்கூடாது என்பது மட்டும். நோயின் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால்தான் வேலை என்று சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது.

நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அடிக்கிற இடமானால் இன்னொன்றும் கேட்கட்டும். சீசனுக்கு முன்பே ரத்தம் எடுத்து, அந்த மருந்து உடம்பில் ஏறினால் குறைகிற கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைக் குறித்து வைப்பார்களா? ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மாறும். முன்னால் எடுத்த கணக்கு இல்லாவிட்டால், பிறகு குறைந்ததா இல்லையா என்று அடித்துச் சொல்வது கஷ்டம். செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஞாபகம் இருக்கும். 2001இல் மூடினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு வந்தது 2016இல். நடுவில் பதினைந்து வருஷம் 'இந்த நோய் பாதரசத்தால் வந்ததா இல்லையா' என்பதே தகராறாக இருந்தது. டிஸ்பென்சரி நோட்டில் ஒரு டாக்டர் அன்றன்று என்ன எழுதி வைக்கிறார் என்பது இப்படிப்பட்ட நாளில்தான் கணக்குக்கு வரும்.

பாதரச நஞ்சு, கல்தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் காது மந்தம் போன்றவற்றைப் பார்த்த டாக்டர் அரசின் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு நேரே எழுத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. தேயிலையை நசுக்குகிற சி.டி.சி. ரோலர் ஓடுகிற ஹாலில் வருஷக்கணக்காக நின்றவர்களில் எத்தனை பேருக்குக் காது கேட்கும் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்!

எந்தச் சட்டமும் தீர்க்காத இடம் ஒன்று உண்டு. தொழிலாளியே கையைப் பிடித்துக்கொண்டு, "எழுதிடாதீங்கம்மா, வேலை போயிடும்" என்பார். நிர்வாகத்தின் மிரட்டலை விட இதுதான் மகளை அதிகம் படுத்தும். 'அன்ஃபிட்' என்று ஒற்றை வார்த்தை எழுதினால் ஒரு வீட்டு அடுப்பு அணையும். 'மூன்று மாதம் மருந்தடிக்க வேண்டாம், கவாத்துக்கு அனுப்பலாம்' என்று எழுதலாம். சம்பளம் குறையாமல் மாற்றுவார்களா என்பது ஆபீசில் போய்ப் பேச வேண்டிய பேச்சு. சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காது. பலிக்காத நாளில் ராத்திரி உங்களுக்குத்தான் போன் வரும், எடுங்கள்.

படிப்பு பெரிய பாரமில்லை. ஏ.எஃப்.ஐ.எச். என்று எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத் தொழிலாளர் உடல்நலத்தில் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் நடக்கிறது. ஆபத்தான தொழிற்சாலைகளில் டாக்டர் வேலைக்கு இதைத்தான் முதலில் கேட்பார்கள். பி.ஜி. கதவும் மூடிவிடாது, பிறகு சமூக மருத்துவத்தில் எம்.டி. போகலாம்.

எஸ்டேட்டிலிருந்து வேலைக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் மகளோடு ஒரு சனிக்கிழமை குன்னூருக்கு வாருங்கள். சாவி விஷயமும் மேஸ்திரி விஷயமும் அதில் எழுத்தில் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.