நடக்கவே நடக்காது என்று தோன்றும்போது தேவனுடைய வாக்குத்தத்தத்தை எப்படி நம்புவது?

கேள்வி கேட்டவர் அதோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: "சந்தேகம் வந்துவிட்டாலே என் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?" எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரியதாகப் படுகிறது. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுக் கதை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கண்டுபிடித்தபோதே கல்லீரல் வரை பரவியிருந்தது. ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர் அப்பாவின் தலையில் கை வைத்து, யோவான் 11-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனம் சொன்னார்: "இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவாயிராமல் தேவனுடைய மகிமை விளங்குவதற்கு ஏதுவாயிருக்கிறது." கர்த்தர் இந்த வீட்டுக்கென்றே கொடுத்த வார்த்தை இது என்றார். அம்மா அழுதார். அண்ணன் அதைப் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டினான். 21 நாள் உபவாசம் இருந்தான். எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட்தான் கண்ணுக்குள் நின்றது. எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன், உள்ளுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்த பிறகு அதே மனிதர், "வீட்டில் யாரோ ஒருவரிடம் அவிசுவாசம் இருந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சில மாதங்களில் சபைக்கு வருவதை நிறுத்தினான், அப்புறம் வீட்டுக்கு வருவதையும். அம்மா இன்னும் முழங்காலில் நிற்பதைப் பார்க்க அவனால் முடியவில்லை என்று நினைக்கிறேன். முழுசாக நம்பியவன் போய்விட்டான், அரைகுறையாக நம்பிய நான் இருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை நேராகவில்லை.

யோவான் 11-ஐ நான் ரொம்ப நாள் திறக்கவில்லை. திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, அந்த வார்த்தை வியாதியாய்க் கிடந்த தம் நண்பன் லாசருவைப் பற்றி இயேசு சொன்னது என்பதுதான். இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எங்களில் ஒருவருமே அன்றைக்கு அதை யோசிக்கவில்லை. லாசருவும் அதற்குப் பிறகு செத்துத்தான் போனான், நாலு நாள் கல்லறையில் கிடந்த பிறகுதான் இயேசு அவனை எழுப்பினார். அதைவிட ஒன்று என்னை உலுக்கியது. அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் நின்று போதகர் வாசித்ததும் இதே அதிகாரம்தான், 25-ஆம் வசனம்: "என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்." கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்ததற்கும் இதற்கும் நடுவில் இருபது வசனம்தான். முதலாவது, வேறொரு மனிதனின் வியாதியைப் பற்றிச் சொன்னது, அதை நாங்கள் பிடித்துக்கொண்டு தொங்கினோம். இரண்டாவது, விசுவாசிக்கிற எவருக்கும் சொன்னது. அதைக் கேட்டு மண்ணைத் தட்டிவிட்டு வந்துவிட்டோம். எது அதிகம் சாத்தியமில்லாதது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கட்டி கரைவதா, மண்ணுக்குள் போன உடல் எழும்புவதா?

அதனால் "எப்படி நம்புவது" என்பதற்கு முன்னால் நான் இப்போது கேட்பது, இது வாக்குத்தத்தம்தானா, யாருக்குச் சொன்னது என்பதைத்தான். இப்படிக் கேட்பது அவிசுவாசம் கிடையாது. எரேமியா 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனங்களில் ஒரு பகுதி பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயாயிற்று. அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும், இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும், கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். தீர்க்கதரிசி எரேமியாவின் பதில் என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு. கர்த்தர் சொன்னது 70 வருடம். அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதின கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்று எழுதுகிறார். அதாவது இப்போதைக்கு வரப்போவதில்லை. நாம் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிற "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் அந்த 70 இருக்கிறது. 10-ஆம் வசனத்தை விட்டுவிட்டு 11-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் நம் கையில் மிஞ்சுவது அனனியாவின் செய்திதான்.

சரி, உண்மையிலேயே கர்த்தர் சொன்னதுதான், ஆனாலும் நடக்க வழியே தெரியவில்லை. அப்போது? இங்கே எல்லாரும் ஆபிரகாமைக் காட்டுவார்கள். அவன் தன் உடலைப் பார்க்கவில்லை, மனைவி சாராளின் வயதைப் பார்க்கவில்லை, முதிர்வயதில் ஒரு மகன் பிறப்பான் என்ற வாக்குத்தத்தத்தை மட்டும் பார்த்தான், நீயும் அப்படி இரு என்பார்கள். ரோமர் 4:19 நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறது: தன் சரீரம் செத்துப்போனதை "எண்ணாதிருந்தான்". ஆனால் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த இடத்தில் "இல்லை" என்ற சொல்லே கிடையாது. அவற்றின்படி, தன் உடல் செத்ததுபோல் ஆகிவிட்டதை அவன் கவனித்துப் பார்த்தான், பார்த்தும் விசுவாசத்தில் பலவீனப்படவில்லை. பல புதிய மொழிபெயர்ப்புகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. இது தெரிந்த அன்று எனக்குப் பெரிய நிம்மதி. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தது பாவம் இல்லை.

ஆதியாகமத்தைப் படித்தாலும் ஆபிரகாம் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 75 வயதில் புறப்பட்டான், ஈசாக்கு பிறந்தபோது அவனுக்கு 100. இடையில் 25 வருடம். 15-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்தில் "கர்த்தரை விசுவாசித்தான்" என்று இருக்கிறது. வேதாகமத்திலேயே விசுவாசத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. இரண்டு வசனம் தள்ளி அதே மனிதன், "எதினால் அறிவேன்" என்று கேட்கிறான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, உடன்படிக்கை செய்கிறார். உடன்படிக்கைக்காக வெட்டி வைத்த மிருகத் துண்டங்களின் நடுவே நெருப்பாய்க் கடந்துபோனது அவர் மட்டும்தான், ஆபிராமோ (ஆபிரகாமின் பழைய பெயர்) அயர்ந்த நித்திரையில் கிடந்தான். அப்புறம் வேலைக்காரி ஆகார், அவள் பெற்ற இஸ்மவேல் என்று அவனே ஒரு வழி செய்து பார்த்தான். 86 வயதில் இஸ்மவேல் பிறந்ததற்கும் 99 வயதில் கர்த்தர் திரும்பப் பேசியதற்கும் நடுவே இருந்த 13 வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பேசியபோது ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரித்தான். சாராளும் சிரித்தாள். கடைசியில் பிள்ளைக்கே சிரிப்பு என்றுதான் பெயர்: ஈசாக்கு. (சாராளின் சிரிப்பைக் கண்டித்துப் பிரசங்கிக்கிறவர்கள் ஆபிரகாமின் சிரிப்பை ஏனோ லேசாகத் தாண்டிவிடுகிறார்கள்.)

ஆனால் எனக்கு ஆபிரகாமைவிட எரேமியாதான் கிட்டத்தில் நிற்கிறார். கி.மு. 587 வாக்கில், பாபிலோன் படை எருசலேமை வளைத்திருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காகவே அவரைக் காவல்சாலையின் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். நாடே எதிரியின் கையில் போகும்போது நிலம் விற்க வருகிறவன் கெட்டிக்காரன்தான். கர்த்தரோ வாங்கு என்கிறார், இந்த தேசத்தில் திரும்பவும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவார்கள் என்கிறார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரம் எழுதி, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஜெபிக்கிறார். ஜெபத்தின் தொடக்கம், "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை." முடிவு வேறு மாதிரி: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே! மரியாதையாகச் சொன்னாலும் அது குழப்பம்தான். தலைக்குக் கணக்குப் பிடிபடவில்லை, ஆனால் கை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டது. அவர் ஜெபத்தில் சொன்ன அதே வார்த்தையைக் கர்த்தர் கேள்வியாக்கித் திருப்பிக் கொடுக்கிறார்: என்னாலே செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டோ?

அந்த நிலத்தில் எரேமியா பயிர் செய்ததாக எங்கும் இல்லை. அவர் விருப்பத்துக்கு மாறாக அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். விட்டுப்போக வாரிசும் கிடையாது, கல்யாணமே வேண்டாம் என்று 16-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லியிருந்தார். எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் நீளமான பட்டியல் இருக்கிறது, வேதம் வாசிக்கிறவர்கள் வேகமாகப் புரட்டிவிடுகிற பக்கம். அதில் 23-ஆம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உள்ளுக்குள் எவ்வளவு சதவீதம் நிச்சயம் இருக்கிறது என்று என்னை நானே சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்தச் சோதனையில் அண்ணன் முதல் மதிப்பெண் வாங்கியிருப்பான். பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னதாக மாற்கு 9-இல் இருக்கிறது. முதலில் போய் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். அந்த ஊழியக்காரர் எங்கள் வீட்டில் சொன்னதற்கு நேர் எதிரான சம்பவம் இது. சந்தேகத்தை எங்கே கொண்டுபோகிறீர்கள், அது இருக்கும்போதே என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் பாருங்கள் என்பேன். அவரிடமே கொண்டுபோனால் அது ஜெபம்தான். சங்கீதங்களில் பாதிக்கு அந்த வேலையே.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் அம்மாவைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அம்மா அண்ணனுக்காகப் பிடித்துக்கொண்டிருப்பது ஏசாயா 49:25: "உன் பிள்ளைகளை இரட்சித்துக்கொள்ளுவேன்." நான் மேலே வைத்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது சீயோனுக்கு, அதாவது எருசலேமுக்குச் சொன்னது, சிறைப்பட்டுப் போன ஜனம் திரும்புவதைப் பற்றியது. எங்கள் அண்ணன் பெயர் அதில் இல்லை. ஒருநாள் இதை அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். இன்னொரு முறை ஏமாந்துபோவாரோ என்ற பயம்.

"தெரியும்டா," என்றார். "பாபிலோனுக்குப் போன பிள்ளைகளையே மறக்காதவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுக்கத்தான் அதைப் படிக்கிறேன். இவன் வருவான்னு அவர் எனக்குத் தேதி ஒண்ணும் சொல்லலை."

அதற்கு மேல் நான் பேசவில்லை. யார் யாருக்கு வசனம் விளக்குவது என்று இருந்தது.

அம்மாவிடம் பழைய பட்டன் போன் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் புது போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்தேன், சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில்தான் கூப்பிடுகிறார்கள். பழைய நம்பரில் விளம்பர அழைப்புகள் தவிர ஒன்றும் வருவதில்லை. விட்டுவிடுங்கள் அம்மா என்று பலமுறை சொல்லியாயிற்று. அண்ணனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். மாதம் தவறாமல் என்னை ரீசார்ஜ் செய்யச் சொல்வார். நேற்று ராத்திரியும் அதைச் சார்ஜில் போட்டு, சத்தம் முழுசாக வைத்திருக்கிறதா என்று ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.