மக்கள் தொடர்பு கேள்வி-பதில்: கட்டிங் கோப்பின் கனம்

கூகுள் ஃபார்ம் அனுப்பி 100 பேரிடம் கருத்துக் கேட்டோம். 90 பேர் ‘திருப்தி’ என்கிறார்கள். இதை வைத்துத் திட்டம் போடலாமா? (அம்பத்தூர்)

எந்த 100 பேர்? ஃபார்மை உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில்தானே போட்டீர்கள்? சரியாகக் குலுக்கல் முறையில் எடுத்தாலே 100 பேருக்குப் பிழை வரம்பு (உண்மை நிலையிலிருந்து முடிவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகக்கூடிய அளவு) பத்து சதவீதம் போகும். 400 என்றால் ஐந்து, 1000 என்றால் மூன்று. தெரிந்தவர்களிடம் கேட்டால் பத்தாயிரம் பேரானாலும் அது சர்வே ஆகாது. ‘எங்கள் சேவை எவ்வளவு சிறப்பாக இருந்தது?’ என்ற உங்கள் மூன்றாவது கேள்வியில் பதிலையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

‘விழிப்புணர்வை அதிகரித்தல்’ என்று நோக்கம் எழுதினேன். மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். (நங்கநல்லூர்)

அவர் செய்தது சரி. யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள்? இந்த நான்கும் வேண்டும். ‘எவ்வளவிலிருந்து’ தெரிய, முதலில் இன்றைய நிலையை அளந்து வையுங்கள். இதை எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது.

எங்கள் நிறுவனத்துக்கு நல்ல பி.ஆர். (மக்கள் தொடர்பு) திட்டம் ஒன்று அனுப்பவும். அவசரம். (ஊர் இல்லை)

என்ன தொழில், யாரிடம் என்ன பிரச்சினை, எதுவும் எழுதவில்லை. நானும் எதுவும் எழுதவில்லை.

செய்தி வந்த இடத்தை அளந்து, விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, மாத அறிக்கையில் ‘ஊடக மதிப்பு’ காட்டுகிறோம். மூன்றால் பெருக்குவதா, ஐந்தாலா? (கிண்டி)

இரண்டாலும் வேண்டாம். அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

2010-லேயே பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள், விளம்பரக் கட்டணத்துக்கு ஈடு காட்டுவது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று தீர்மானித்துவிட்டார்கள். 2015-லும் 2020-லும் அந்தக் கோட்பாடுகளைத் திருத்தி வெளியிட்டபோதும் இதில் மாற்றமில்லை. சென்னையில் இன்னும் ஸ்கேலும் கால்குலேட்டருமாக உட்கார்ந்திருக்கிறோம்!

ஒரு தொழிற்சாலையின் அறிக்கையை என்னிடம் காட்டினார்கள். மொத்தம் சில லட்சம். கட்டிங்குகளை, அதாவது பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த செய்திகளைப் புரட்டினால், நான்கு பத்தி அகலத்தில் ‘ஊழியர்கள் வேலைநிறுத்தம்’. அதையும் அளந்து, பெருக்கி, கூட்டியிருந்தார்கள். பெருக்குபவருக்குச் செய்தியைப் படிக்க நேரமில்லை. ‘செய்தியை மக்கள் கூடுதலாக நம்புவார்கள், அதனால் மூன்று மடங்கு’ என்பதும் கட்டிவிட்ட கதை. எல்லாச் செய்திக்கும் பொருந்தும் அப்படியொரு மடங்கை யாரும் நிரூபித்ததில்லை. விளம்பரத்தில் வாசகத்தை நீங்கள் எழுதுகிறீர்கள், செய்தியில் நிருபர் எழுதுகிறார். இரண்டும் எப்படி ஒரே விலைக்குப் போகும்?

வேறென்ன காட்டுவது? நீங்கள் சொல்ல நினைத்த செய்தி எத்தனை கட்டிங்கில் வந்தது, சாதகமா பாதகமா, படித்தவர் மனதில் எது நின்றது, அப்புறம் என்ன செய்தார். கடைசி இரண்டைக் காட்ட, பிரசாரத்துக்கு முன்பே இன்றைய நிலையை அளந்திருக்க வேண்டும். (ஆமாம், மறுபடியும்.)

எம்.டி.க்கு ரூபாயில்தான் புரியும் என்பீர்கள். செலவை ரூபாயில் காட்டுங்கள், அது உண்மையான ரூபாய்.

ஃபோகஸ் குரூப்புக்கு எத்தனை பேர்? (வேளச்சேரி)

சிலரை ஒன்றாக உட்காரவைத்து ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்பதுதானே அது? எட்டுப் பேர் சுமார். உங்கள் எம்.டி. அந்த அறையில் இருக்கக் கூடாது. அதில் கிடைப்பதைச் சதவீதமாக்கி எழுதவும் கூடாது.

கட்டுமான நிறுவனம். ஆய்வுக்கென்று பணம் ஒதுக்க மாட்டார்கள். எங்கே தொடங்குவது? (பள்ளிக்கரணை)

உங்கள் சைட் ஆபீசிலேயே தொடங்குங்கள். விசாரிக்க வருபவர்களின் பதிவேடு இருக்குமே, அதில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தை ஆறு மாதத்துக்குப் படியுங்கள். உங்கள் பக்கம் ‘2015-ல் இங்கே தண்ணி நின்னுச்சா?’ என்றுதான் அதிகம் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். பிரஸ் ரிலீஸிலோ நீச்சல் குளத்தைப் பற்றி மூன்று பத்தி வைத்திருக்கிறீர்கள். கூகுள் விமர்சனங்கள், புகார்க் கடிதங்கள், பழைய கட்டிங்குகள் எல்லாம் சும்மாதான் கிடக்கின்றன. வாட்ச்மேனிடமும் பேசுங்கள். திரும்பிப் போகிறவர்கள் முணுமுணுப்பது அவர் காதில்தான் விழுகிறது.

மூன்று வருடத்துக்கு முந்தைய சர்வேயைப் பயன்படுத்தலாமா? (தாம்பரம்)

ஒப்பிட மட்டும். இப்போது மறுபடி கேளுங்கள், அதே கேள்விகளை, அதே சொற்களில். ஒரு சொல்லை மாற்றினாலும், மாறியது மக்கள் மனமா உங்கள் கேள்வியா என்று சொல்ல முடியாது.