‘கேன்’ என்றால் டப்பாவா, முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் ஆலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன். ஸ்பெயின் வாடிக்கையாளர் டப்பா லேபிளையும் பேக்கிங் பட்டியலையும் ஸ்பானிஷில் கேட்கிறார். கைப்பேசியில் அகராதிச் செயலியைத் திறந்து ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டால், ஒரே சொல்லுக்கு நாலைந்து ஸ்பானிஷ் சொற்கள் வருகின்றன. எதை எடுப்பது? மொழியையே கற்க இப்போது நேரமில்லை. இதுவரை நான் எழுதிய வரைவை இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் ‘ப்ரிசர்வேட்டிவ் சேர்க்கப்படவில்லை’ என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். ஒலி ஒத்துப்போகிறதே என்று ‘பிரெசெர்வாதீவோ’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். ஸ்பானிஷில் அதற்கு ஆணுறை என்று பொருள். உணவு கெடாமல் காக்கும் பொருளை ஸ்பெயினில் ‘கொன்செர்வாந்தே’ என்பார்கள். லேபிளில் ‘சின் கொன்செர்வாந்தெஸ்’ என்று வர வேண்டும். நாளை மெக்சிகோவுக்குச் சரக்கு அனுப்பினால், அங்கே ‘கொன்செர்வாதோரெஸ்’ என்பதே வழக்கம்.

இனி உங்கள் கேள்வி. ஆங்கிலச் சொல்லிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குத் தாவாதீர்கள். நடுவில் தமிழில் ஒரு நிமிடம் இறங்கி ஏறுங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்திருப்பதைத் தமிழ் பெரும்பாலும் பிரித்து வைத்திருக்கிறது. ‘கேன்’ என்று அகராதியில் தேடினால் ‘பொதேர்’, ‘லாத்தா’ இரண்டும் வரும். ‘முடியும்’, ‘டப்பா’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், எது எதற்கு என்று உடனே தெரிந்துவிடும். ‘லாத்தா’தான் உங்கள் 3.1 கிலோ டப்பா.

‘டைம்’ இன்னும் நல்ல உதாரணம். ‘என்ன டைம்’ என்பதில் மணி கேட்கிறோம், அது ‘ஓரா’. ‘டைம் இல்லை’ என்பதில் நேரம், அது ‘தியெம்போ’. ‘மூன்று டைம்’ என்றால் தடவை, அது ‘வெஸ்’. மணி, நேரம், தடவை என்று நாம் எப்போதோ பிரித்துவிட்டோம். ‘ஃப்ரீ’யும் அப்படியே: இலவசம் என்றால் ‘கிராதிஸ்’, கட்டுப்பாடற்றது என்றால் ‘லீப்ரே’. ஆனால் ‘சுகர் ஃப்ரீ’யில் இரண்டுமே இல்லை. தமிழில் ‘சர்க்கரை இல்லாதது’ என்றுதானே சொல்வோம்? ஸ்பானிஷும் அதே வழியில் ‘சின் அசூகார்’ என்கிறது.

‘கூல்’ என்பதற்கு நீங்கள் எடுத்திருக்கும் ‘குவாய்’ ஸ்பெயின் இளைஞர்கள் ‘அட்டகாசம்’ என்ற பொருளில் சொல்வது. அட்டகாசமான, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று ஆகிவிடும்! குளிர்ச்சியான இடம் ‘லுகார் ஃப்ரெஸ்கோ’. ‘டிரம்’ என்றால் மேளமா, பீப்பாயா? ஸ்பெயினில் மேளம் ‘தம்போர்’, பீப்பாய் ‘பிதோன்’. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் பீப்பாயையும் ‘தம்போர்’ என்பதால் அங்கே அது பிழையில்லை. என் முதல் வேலையில், ஸ்பெயினுக்குப் போன 215 கிலோ பீப்பாய்களை ‘தம்போர்’ என்று எழுதிவிட்டேன். மாங்கூழோடு வாத்தியக் கோஷ்டியும் வருகிறதா என்று வாடிக்கையாளர் கேட்டு எழுதினார். கன்டெய்னர் கதவைப் பூட்டிப் போடும் ‘சீல்’ எண்ணுக்குச் செயலி ‘ஃபோக்கா’ என்று காட்டினால் பதறாதீர்கள், அது கடல்நாய். உங்களுக்கு வேண்டியது ‘பிரெசிந்தோ’. ‘செயோ’ என்பது ரப்பர் முத்திரை, அஞ்சல் தலை.

‘டேட்’ என்பதற்குத் ‘தாதில்’ என்று வந்தால் அது பேரீச்சை. பக்கத்திலேயே தருமபுரியில் பேரீச்சைத் தோட்டங்கள் வந்துவிட்டதால் கவனமாகவே இருங்கள். தேதி ‘ஃபேச்சா’. லேபிளில் அது மட்டும் போதாது. பால், இறைச்சி போல விரைவில் கெடுவதற்கு ‘ஃபேச்சா தே கதுசிதாத்’. டப்பாவில் அடைத்த கூழுக்கு ‘கொன்சுமீர் பிரெஃபெரெந்தெமெந்தே ஆந்தெஸ் தெல்’ என்று எழுதி நாளைப் போடுங்கள். எடையையும் கவனியுங்கள். ஸ்பெயினில் தசமத்துக்குப் புள்ளியைவிடக் காற்புள்ளியே வழக்கம்: 3,1.

தமிழில் இறங்கி ஏறுவது எல்லா இடத்திலும் கை கொடுக்காது. நம் ‘பச்சை’ நிறத்தையும் குறிக்கும், வேகாததையும் குறிக்கும். ஸ்பானிஷ் ‘வெர்தே’ நிறத்தையும் பழுக்காததையும் குறிக்கும். வேகாததற்கு ‘க்ரூதோ’ என்று தனிச்சொல். மாங்காய், மாம்பழம் என்று நாம் சொல்லையே பிரிக்கும் இடத்தில் ஸ்பானிஷ்காரர்கள் வினையை மாற்றுகிறார்கள். ‘எல் மாங்கோ எஸ் வெர்தே’ என்றால் அதன் தோல் நிறமே பச்சை. சில ரகங்கள் பழுத்தாலும் அப்படித்தானே? ‘எல் மாங்கோ எஸ்தா வெர்தே’ என்றால் இன்னும் காய். இயல்புக்கு ‘எஸ்’, இப்போதைய நிலைக்கு ‘எஸ்தா’. தரச் சான்றில் இந்த ஒரு அசை மாறினால் பழுக்காததை அரைத்தீர்களா என்று கேட்டுக் கடிதம் வரும்.

‘மாங்கோ’ என்பது நம் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக அங்கே போன சொல். ஆனால் ஸ்பானிஷில் அதே எழுத்துகளுக்குக் கைப்பிடி என்ற பொருளும் உண்டு. வாணலியின் நீளக் கைப்பிடியும் ‘மாங்கோ’தான்.

மொழிபெயர்த்ததை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிச் சரிபார்க்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு பயமுறுத்தல் இருக்கிறது. ‘கொட்டை நீக்கியது’ என்பதற்குச் சரியான ‘சின் உவேசோ’வைத் திருப்பிப் போட்டால் ‘எலும்பு இல்லாதது’ என்று வரும். ஸ்பெயினில் மாங்கொட்டையும் எலும்பும் ஒரே சொல். மாற்றிவிடாதீர்கள். மாறாக, ‘ஸ்டோன்’ என்பதற்குப் ‘பியேத்ரா’ போட்டால் திருப்பும்போது ஒழுங்காகத் தெரியும், ஆனால் அது கிருஷ்ணகிரி கிரானைட் போன்ற கல்.

இவ்வளவுக்கும் மேலே, அங்கே கடையில் விற்கும் ஏதாவது ஒரு பழக்கூழ் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பும்படி வாடிக்கையாளரைக் கேளுங்கள். எந்த அகராதியையும்விட அது உதவும். அச்சுக்குப் போகும் முன் முதல் வரியின் கடைசி எழுத்தையும் பாருங்கள்: கூழ் ‘புல்பா’. அனுப்பிய வரைவில் ‘புல்போ’ என்று இருக்கிறது, அது ஆக்டோபஸ்.