பழைய மரப்படகின் அடிப்பலகை கசிகிறது: பலகையை மாற்றுவதா, மேலே ஃபைபர் பூசினால் போதுமா?

மாற்றுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு, கையில் பணம் போதாமல்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான் நின்றோம்.

நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டையில் அப்பாவுக்கு 42 அடி விசைப்படகு. ‘பூசிவிட்டால் பத்து வருடம் கவலையில்லை’ என்றார்கள், பூசினோம். இரண்டாம் வருடமே பூச்சு பலகையை விட்டு உப்பிக்கொண்டது. ஈரமும் டீசலும் ஊறிய மரத்தில், ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசின் பசை பிடிக்காது. உள்ளே சிக்கிய ஈரம் மரத்தை மக்கவைத்துவிடும்.

மறுவருடம் பூச்சை உரித்ததும் மேஸ்திரி சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது. ஏராவை, அதாவது படகின் அடி நடுவே நீளவாக்கில் ஓடும் கட்டையை, ஒட்டிய முதல் பலகை ‘தொப்’ என்றது. வெளியே தெரிந்தவை ஊசிமுனைத் துளைகள்தாம். பெயர்த்து அறுத்தபோது உள்ளே விரல் நுழையும் குழாய்கள். ஒவ்வொன்றின் சுவரிலும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை. கப்பல் புழு! புழு என்கிறோமே தவிர, அது சிப்பி இனம். அப்பா அந்தத் துண்டை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. அதை நம்பித்தான் ஆறு பேர் கடலுக்குப் போய் வந்திருக்கிறோம்.

எல்லாப் பலகையையும் ஒரேயடியாகப் பெயர்க்காதீர்கள். நன்றாக முட்டுக் கொடுத்து, ஒன்றுவிட்டு ஒன்று கழற்றினால்தான் படகின் வடிவம் குலையாது. பழைய பலகையை உடைக்காமல் எடுங்கள். புதியதற்கு அதுவே அச்சு. புழு ஏறாமலிருக்கச் செப்புத் தகடு அடிப்பதானால் இரும்பாணி கூடாது. 1761-இல் ‘அலார்ம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குச் செப்பு அடித்தார்கள். இரண்டே வருடத்தில், செப்பு தொட்ட இரும்பாணிகள் அரித்துப்போயிருந்தன.

ஃபைபர் தொழில் செய்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காய்ந்த புதுப் பலகையில் முறையாகப் பூசினால் அது நல்ல காப்புதான். ஈர மரத்தின்மேல் பூசுவதைத்தான் சொல்கிறேன்.

வங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதுப் படகுக்குக் கடன் உண்டாம், பழுதுபார்க்கக் கிடையாதாம். மூன்று முறை அலையவிட்டு, ‘மரப்படகுக்கு என்ன மதிப்பு?’ என்று அப்பாவின் முகத்துக்கு நேரே கேட்டார் அந்த அலுவலர். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. இன்றும் ஆறவில்லை.

தண்ணீரில் இறக்கிய முதல் இரவு கசியும். பயந்து மறுபடி கரையேற்றாதீர்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி வைத்து அடைக்கும் கலப்பற்று வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால், பலகை தண்ணீர் குடித்து உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அப்பா பம்பை வைத்துக்கொண்டு படகிலேயே படுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் போனில் கூப்பிட்டு, இறைக்கத் தண்ணீர் இல்லை என்றார்.